அகச்சிவப்புப் படம் எடுக்க: ஃபில்டர் போதுமா, கேமராவையே மாற்றுவதா?

மே மாதம், பகல் பன்னிரண்டரை மணி, கங்கைகொண்ட சோழபுரம். கல்தரை காலைச் சுடுகிறது. வந்தவர்கள் எல்லோரும் நிழல் தேடி ஒதுங்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் சாதாரணக் கேமராவில் எடுத்தால் வெளிறிய வானம், வாடிய பச்சை, தட்டையான கல், அவ்வளவுதான் கிடைக்கும். அதே இடத்தில் நின்று அகச்சிவப்பில், அதாவது சிவப்பைத் தாண்டி நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியில், எடுத்த படத்தில் வானம் கிட்டத்தட்டக் கறுப்பு, புல்வெளி பஞ்சு விரித்தது போல வெள்ளை, நடுவில் கோயில் விமானம் தட்டுத் தட்டாக, நிழலும் வெளிச்சமுமாகத் தனித்து நிற்கிறது. மற்றவர்கள் கேமராவைப் பைக்குள் வைக்கும் நேரம்தான் இதற்கு நல்ல நேரம். இவ்வளவு வெயிலும், எங்கு திரும்பினாலும் மரமும் உள்ள ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படமுறை வேறு இல்லை என்பது என் கட்சி.

இந்தப் படங்களைக் காட்டியதும் வரும் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: என்ன வாங்கணும்? ஒரு ஃபில்டர் வாங்கி இருக்கிற கேமராவில் மாட்டினால் போதுமா, இல்லை கேமராவைப் பிரித்து மாற்றத்தான் வேண்டுமா? மாற்றினால் எந்தக் கண்ணாடி போடுவது? இரண்டு வழியிலும் சில வருஷம் நடந்து பார்த்தவன் என்பதால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எடுக்கப்போவது இலை, தழை, வயல், தோப்பு என்றால் ஃபில்டர் உங்களைப் பாதி வழியில் விட்டுவிடும். ஆனாலும் முதலில் வாங்க வேண்டியது ஃபில்டரைத்தான். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கேமராவின் சென்சார் சிலிக்கான். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400-லிருந்து 700 நானோமீட்டர் வரை என்றால் சிலிக்கான் அதோடு நிற்காமல் சுமார் 1,100 வரை உணரும். அப்படியே விட்டால் நிறங்கள் கெட்டுவிடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் வெளிர்நீலம் தட்டும் ஒரு மெல்லிய கண்ணாடியை வைத்து அகச்சிவப்பைத் தடுத்துவிடுகிறார்கள். 2006-ல் வந்த லைக்கா எம்8-ல் இந்தத் தடுப்பு பலவீனமாக அமைந்துபோய், கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் எல்லாம் படத்தில் ஊதா கலந்த நிறத்தில் வந்தன. கடைசியில் லென்ஸுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளத் தடுப்பு ஃபில்டர்களை வாடிக்கையாளர்களுக்கு லைக்காவே இலவசமாகக் கொடுத்தது. நம் கதை முழுக்க அந்த ஒரு கண்ணாடியைச் சுற்றித்தான். அதை இருக்கவிட்டு, தப்பித்து உள்ளே வரும் கொஞ்சநஞ்ச அகச்சிவப்பைப் பிடிப்பது ஒரு வழி. அதைக் கழற்றிவிடுவது இன்னொரு வழி.

இலை ஏன் வெள்ளையாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், முடிவெடுக்க அது உதவும். பச்சையம் சிவப்பொளியை நன்றாக உறிஞ்சும். 700 நானோமீட்டரைத் தாண்டியதும் உறிஞ்சுவது சட்டென்று நின்றுவிடும். இலைக்குள் இருக்கும் செல்களும் அவற்றுக்கு நடுவே உள்ள காற்று இடைவெளிகளும் அந்த ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1910-ல் இத்தகைய படங்களை வெளியிட்டதால் இதற்கு வுட் விளைவு என்று பெயர். வானம் கறுப்பதற்குக் காரணம் வேறு: 800 நானோமீட்டர் ஒளி, 450 நானோமீட்டர் நீலத்தைப் போலப் பத்தில் ஒரு பங்குதான் காற்றில் சிதறும். குளத்துத் தண்ணீரும் கறுப்பாகத்தான் வரும். கறுத்த தண்ணீரில் தாமரை இலைகள் வெள்ளைத் தட்டுகள் மாதிரி மிதக்கும். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் விடமாட்டீர்கள்.

சாதாரணப் படத்தைக் கணினியில் போட்டுப் பச்சையை வெள்ளையாக்கிவிடலாமே என்பவர்கள் உண்டு. மென்பொருளுக்கு வேப்பிலையும் பச்சைப் பெயின்ட் அடித்த கதவும் பச்சைப் புடவையும் ஒன்றுதான். வராத வெளிச்சத்தைப் பிறகு எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. இந்த வழியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

சரி, ஃபில்டர். பெயர் பெற்றது ஹோயா ஆர்72. ஏறக்குறைய 720 நானோமீட்டருக்கு மேலே உள்ளதை மட்டும் விடும். கையில் வாங்கிப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடி போலத்தான் இருக்கும், குண்டு பல்பின் இழைக்கு நேரே பிடித்தால் ஆழ்ந்த சிவப்பு லேசாகத் தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்: இதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. வெளிச்சம் இல்லை என்று நினைத்துக் கண்பாவை விரியும், அகச்சிவப்போ தடையில்லாமல் விழித்திரைக்குப் போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஃபில்டரை எட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்கள் கேமராவுக்கு ஃபில்டர் ஒத்துவருமா என்று காசு செலவில்லாமல் பார்க்கலாம். டிவி ரிமோட்டை லென்ஸுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்திக்கொண்டே கேமராவின் திரையைப் பாருங்கள். ரிமோட்டின் முனையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே இருக்கும் தடுப்பு கொஞ்சம் தளர்வு. மங்கலாகத் தெரிந்தாலோ தெரியவே இல்லை என்றாலோ கஷ்டம். 2004-ல் வந்த நிக்கான் டி70 போன்ற பழைய கேமரா உடல்களில் தடுப்பு பலவீனம், அதனால் அவற்றை அகச்சிவப்புப் பிரியர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். பிறகு வந்த கேமராக்களில் தடுப்பு இறுகிக்கொண்டே போனது.

என் கெனானில் முதல் நாள் நடந்தது இது. நல்ல வெயில், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, அபெர்ச்சர் (லென்ஸின் துளை; எண் கூடினால் துளை சிறுக்கும்) எஃப் 8, ஷட்டர் 15 வினாடி. ஃபில்டர் மாட்டினால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஒன்றுமே தெரியாது. ஆகவே முதலில் டிரைபாடில் கேமராவை நிறுத்தி, சட்டத்தை அமைத்து, ஃபோகஸ் பண்ணி, ஆட்டோ ஃபோகஸை அணைத்து, அப்புறம் லென்ஸ் அசையாமல் ஃபில்டரைத் திருகி மாட்டி, அகச்சிவப்பு சற்றுத் தள்ளிக் குவியும் என்பதால் ஃபோகஸ் வளையத்தை ஒரு மயிரிழை திருப்பிவிட்டு, பிறகுதான் படம். கோயில் மதில் அருமையாக வந்தது. மதிலுக்குப் பின்னால் நின்ற தென்னை வெறும் வெள்ளைப் புகை. ஒரு கீற்றுகூட முழுதாக இல்லை. பதினைந்து வினாடியில் காற்று எத்தனை முறை ஓலையைப் புரட்டிப் போட்டிருக்கும்!

இதுதான் ஃபில்டர் வழியின் உண்மையான சிக்கல். படத்தில் புள்ளி புள்ளியாக வரும் இரைச்சல், தனியாகப் பளிச்சிடும் சூடான பிக்சல்கள், டிரைபாடைச் சுமக்கும் பாரம் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அகச்சிவப்பில் எடுக்கத் தகுந்த முதல் பொருளே இலைதான், உலகத்தில் அசையாமல் நிற்காத பொருளும் இலைதான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், அரசிலை பதினைந்து வினாடி சும்மா இருக்குமா? ஐஎஸ்ஓ-வை 3,200-க்கு ஏற்றினால் இரண்டு வினாடிக்கு இறங்கும். இலைக்கு அதுவும் அதிகம், கூடவே படம் மணல் தூவியது போல ஆகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், மாமல்லபுரம் எல்லாம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, அங்கே டிரைபாடை விரிக்க முன் அனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுப்பவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. டிரைபாட் இல்லாமல் ஃபில்டர் வழி நடக்காது. அகச்சிவப்பில் அற்புதமாக வரும் இடங்களிலேயே ஃபில்டர்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிறது.

அப்படியானால் எதற்கு முதலில் ஃபில்டர் வாங்கச் சொல்கிறேன்? சில ஆயிரம் ரூபாயில் இந்த வெளிச்சம் உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். காற்றே இல்லாத விடியற்காலை கழிந்து வெயில் ஏறும் நேரம், பாறைக் குன்று, மேகம் நகரும் வானம், கல்மண்டபம் இவற்றில் ஃபில்டர் படம் எதற்கும் குறைந்தது இல்லை. முக்கியமாக, அந்த ஃபில்டர் பின்னாலும் வேலைக்கு வரும். ஆனால் வாங்கும்போது உங்களிடம் உள்ள லென்ஸ்களில் பெரிய வாய் எதுவோ அந்த அளவில் வாங்கி, மற்றவற்றுக்கு ஸ்டெப் அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத மலிவு ஃபில்டர்களில் சில கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் தாராளமாக விட்டுவிடும், இலை வெள்ளையாகாமல் படமே சிவந்து நிற்கும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி மாற்றுவது. கேமராவைத் திறந்து, சென்சாருக்கு மேலே உள்ள தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு கண்ணாடி வைப்பார்கள். அதே மதிய வெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 8-ல் 1/200 வினாடி. 15 வினாடி எங்கே, இது எங்கே! கையில் பிடித்து, நடந்துகொண்டே, ஆட்டுமந்தையை, கிளை தாவும் குரங்கை, வயலில் குனிந்திருப்பவரை எல்லாம் எடுக்கலாம். தென்னங்கீற்று ஊசி ஊசியாக வரும்.

எந்தக் கண்ணாடி என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். 590, 665, 720, 850 என்று எண்கள் (எத்தனை நானோமீட்டருக்கு மேலே உள்ளதை விடும் என்பது), கூடவே முழு நிறமாலை என்று எல்லாவற்றையும் உள்ளே விடும் தெளிந்த கண்ணாடி. 850 போட்டால் சென்சார் மேல் உள்ள சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வண்ணச் சாயங்களும் ஒரே மாதிரி ஒளியை விடுவதால் வண்ணமே இல்லை, சுத்தக் கறுப்பு வெள்ளை, வானம் மிக ஆழமாக இருக்கும். 720-ல் கொஞ்சம் வண்ணம் மிஞ்சும். சிவப்பையும் நீலத்தையும் கணினியில் இடம் மாற்றினால் நீல வானமும் வெண்மரமும் கிடைக்கும். 590-ல் கண்ணுக்குத் தெரியும் ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்து வருவதால் அதே போல வண்ணத்தை இடம் மாற்றியபின் இலைகள் பொன்மஞ்சளாகும். பார்த்த முதல் வாரம் கண்ணைப் பறிக்கும், ஆறு மாதத்தில் எனக்குச் சலித்துவிட்டது, உங்களுக்குச் சலிக்காமலும் போகலாம்.

இதில் மனதில் வைக்க வேண்டிய ஒரே கணக்கு: குறைந்த எண்ணிலிருந்து மேலே போகலாம், மேலிருந்து கீழே வர முடியாது. 720 போட்ட கேமராவின் லென்ஸில் 850 ஃபில்டரை மாட்டினால் அது 850 ஆகிவிடும். 850 போட்டு மாற்றியது 850-தான், அதில் வண்ணத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. முதல் கேமராவையே 850 ஆக்கிவிட்டு வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படிப் பார்த்தால் முழு நிறமாலைதான் எல்லோருக்கும் சரி என்று தோன்றும். அது உடலைப் பொறுத்தது. உள்ளே ஆடி வைத்து ஒளியை வியூஃபைண்டருக்குத் திருப்பும் டிஎஸ்எல்ஆரை முழு நிறமாலையாக்கினால், லென்ஸில் ஃபில்டர் மாட்டியதும் வியூஃபைண்டர் மறுபடி இருண்டுவிடும், திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், நடுவெயிலில் திரையில் என்ன தெரியும்? போதாததற்கு டிஎஸ்எல்ஆரின் ஆட்டோ ஃபோகஸ் தனி உணரியில் நடக்கிறது, படம் விழும் சென்சாரில் நடப்பதில்லை. மாற்றுபவர் அதை அகச்சிவப்புக்குத் தகுந்தபடி சரி செய்து கொடுத்தாலும் லென்ஸுக்கு லென்ஸ் கொஞ்சம் தவறும். அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை இரண்டும் கிடையாது. சென்சார் பார்ப்பதையே நீங்கள் பார்க்கிறீர்கள், ஃபோகஸும் அங்கேயே நடக்கிறது. வெண்மரமும் கறுத்த வானமும் வியூஃபைண்டரிலேயே ஓடும். முதன்முதலில் அப்படி ஒரு புளியமரத்தைப் பார்த்தபோது படம் எடுக்கவே மறந்து நின்றேன்.

ஆகவே என் தேர்வு இது. வாங்கப்போவது மிரர்லெஸ் என்றால் முழு நிறமாலையாக மாற்றி, முன்பே வாங்கிய ஆர்72-ஐ லென்ஸில் மாட்டுங்கள். ஃபில்டருக்குப் போட்ட காசு இங்கே திரும்பி வருகிறது. பிறகு ஆசைப்பட்டால் 590-ம் வாங்கலாம், 850-ம் வாங்கலாம். தடுப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டினால் சாதாரணப் படமும் எடுக்கலாம், வண்ணம் மட்டும் பழைய துல்லியத்துக்கு வராது. கையில் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் யோசிக்காமல் உள்ளேயே 720 போட்டுவிடுங்கள். லென்ஸ் அடிக்கடி மாற்றுகிறவர்கள், முன்கண்ணாடி புடைத்த அகல லென்ஸ் வைத்திருக்கிறவர்கள் மிரர்லெஸ்ஸாக இருந்தாலும் 720-க்கே போகலாம், ஏனென்றால் முதல் வகையினர் ஒவ்வொரு முறையும் ஃபில்டரைக் கழற்றி மாட்ட வேண்டும், புடைத்த லென்ஸ்களிலோ ஃபில்டர் மாட்டவே இடமில்லை. எந்த நிலையிலும் தினசரி பயன்படுத்தும் கேமராவை மாற்றாதீர்கள். தங்கை கல்யாணத்துக்கு எடுக்க ஒரு கேமரா இருக்கட்டும்.

பழைய உடல் போதும் என்பது இதில் பெரிய சௌகரியம். 2014-ல் வந்த சோனி ஏ6000 இன்றைக்கும் தாராளம், 24 மெகாபிக்சல் இருக்கிறது. ஃபியூஜி 2015-ல் எக்ஸ்-டி1 ஐஆர் என்று தடுப்பு இல்லாமலே ஒன்றைத் தயாரித்தது, ஆராய்ச்சி, தடயவியல் வேலைகளுக்கென்று. கண்ணில் பட்டால் விடாதீர்கள். சிக்மாவின் எஸ்டி14, எஸ்டி1 போன்றவற்றில் தடுப்புக் கண்ணாடி லென்ஸ் வாய்க்குப் பின்னாலேயே இருக்கிறது, பிரிக்காமல் நீங்களே கழற்றி மாட்டலாம். எண்ணம் மிக அழகு, ஆனால் அதற்கென்று தனி லென்ஸ்கள் தேட வேண்டும், நம்மூரில் அந்த உடல்களைப் பார்ப்பதே அபூர்வம். ஒரு எச்சரிக்கை: கெனான் 60டிஏ, நிக்கான் டி810ஏ போன்ற விண்மீன் படக் கேமராக்களை அகச்சிவப்புக் கேமரா என்று சிலர் விற்கப் பார்க்கிறார்கள். அவை 656 நானோமீட்டரில் உள்ள ஹைட்ரஜன் சிவப்பைக் கூடுதலாக விடுபவை. அகச்சிவப்புத் தடுப்பு அவற்றில் அப்படியே இருக்கிறது.

யாரிடம் மாற்றுவது? அமெரிக்காவில் கொலாரி விஷன், லைஃப் பிக்சல் போன்றவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறார்கள், மாற்றிய உடல்களை விற்கவும் செய்கிறார்கள். அனுப்பி வாங்குவதில் கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து பழைய உடலின் விலையைத் தாண்டிவிடலாம், முதலிலேயே கணக்குப் போடுங்கள். உள்ளூரில் கேமரா பழுது பார்ப்பவர் செய்து தருவதாகச் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எடுத்த கண்ணாடியின் தடிமனுக்கு ஈடான கண்ணாடி போடுகிறாரா? இல்லையென்றால் ஃபோகஸ் இடம் மாறி, தூரத்து மலை கூர்மையாக வராமலே போகும். தூசி இல்லாத இடத்தில் திறக்கிறாரா? நான் முதலில் கொடுத்த இடத்தில் கண்ணாடிக்கு அடியில் மூன்று தூசிகளை வைத்தே மூடிக் கொடுத்துவிட்டார்கள், அந்தக் கேமராவில் எடுத்த ஒவ்வொரு வானத்திலும் மூன்று பொட்டுகளை இன்றும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டிலேயே பிரிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். உள்ளே பிளாஷுக்கான கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை நிற்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இல்லை இது.

எந்த வழி எடுத்தாலும் சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள், எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் வைட் பேலன்ஸைப் புல்லைப் பார்த்துக் கேமராவிலேயே அமையுங்கள். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் வண்ணத்தின் வெப்ப அளவு 2,000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, அகச்சிவப்புக்கு அது போதாது, படம் சிவப்பிலேயே சிக்கிக்கொள்ளும். அதற்கு அடோபியின் இலவச டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவுக்கென்று ஒரு வண்ணப் புரொஃபைல் செய்துகொள்ள வேண்டும், ஒரு தடவை செய்தால் போதும். பிறகு பழைய கோடாக் எச்ஐஇ அகச்சிவப்புப் படச்சுருளில் மரங்களைச் சுற்றி ஒளிவட்டம் போலப் பரவுமே, அதை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாற வேண்டாம். அந்தச் சுருளில் பின்பக்கம் ஒளியைத் தடுக்கும் பூச்சு இல்லாததால் வந்தது அது. 2007-ல் கோடாக் அதை நிறுத்திவிட்டது, டிஜிட்டலில் அது தானாக வராது.

கடைசியாக லென்ஸ். மேலே சொன்ன அத்தனையையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கவிழ்ந்தவர்கள் உண்டு. சில லென்ஸ்களின் உட்பூச்சு அகச்சிவப்பைச் சரியாக விழுங்காது, படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று விழும். எல்லோரிடமும் இருக்கும் கெனான் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8-ன் இரண்டாம் பதிப்பு இதற்குப் பேர் போனது. விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸ் சுத்தமாக இருக்கும், விலையுயர்ந்தது வட்டம் போடும். அபெர்ச்சரை மூட மூட வட்டம் இன்னும் எடுப்பாகத் தெரியும். அலைநீளம் கூடியதால் அகச்சிவப்பில் எஃப் 11 என்பது சாதாரண ஒளியில் எஃப் 16-ல் எடுத்த மாதிரி மழுங்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், எஃப் 8-ஐத் தாண்ட எந்தக் காரணமும் இல்லை. பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது மாற்றிய கேமராவைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்கு வெளியே வந்து, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எஃப் 5.6, 8, 11 என்று மூன்று படம் எடுத்து, திரையில் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் (கான்ட்ராஸ்ட்) கூட்டிப் பாருங்கள். நடுவில் நிலா மாதிரி எதுவும் தெரியவில்லை என்றால் காசை எண்ணிக் கொடுங்கள்.